நீரிழிவும் விறைப்புக் குறையும்: வாய் திறக்காமல் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரின் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தாதி, நீரிழிவு உள்ளவரின் பாதம் மரத்திருக்கிறதா என்று பார்க்க, மெல்லிய நைலான் இழையால் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்கிறார். நம் ஆண்கள் கூச்சமில்லாமல் பதில் சொல்கிறார்கள். ஆணுறுப்பின் விறைப்பு குறைந்துவிட்டதை மட்டும் விழுங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். பாதம் மரப்பதற்கும் விறைப்பு குறைவதற்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான்: நெடுநாள் கூடியிருந்த சர்க்கரை நரம்புகளையும் ரத்தக் குழாய்களையும் கெடுத்திருக்கிறது.

மருத்துவரிடம் மறைப்பவர் சந்துமுனையில் மாத்திரை தேடுகிறார். எனக்கு மிகவும் அச்சம் தருவது இதுதான். 2008இன் முதல் ஐந்து மாதங்களில், நீரிழிவே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகச் சரிந்து சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலும் ஆண்கள். கிளிபென்கிளமைடு என்னும் நீரிழிவு மருந்து அவர்களில் 127 பேரின் உடலில் இருந்தது. கள்ளத்தனமாக விற்கப்பட்ட ஆண்மை மாத்திரைகளில் அது கலந்திருந்தது. நால்வர் உயிரிழந்தார்கள். ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் அதே வகை மருந்தை அறியாமல் இன்னொரு மடங்கு விழுங்கினால் என்னாகும்? உறையில் 'மூலிகை' என்று அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள்.

நண்பர் தரும் நல்ல மாத்திரையும் உங்களுக்கு நல்லதல்ல. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் சில்டெனாஃபில் (வயாகராவில் உள்ள மருந்து) சாப்பிட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு விழக்கூடும்.

"வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று விட்டுவிடுவதும் தவறே. ஆணுறுப்பின் குழாய்கள் இதயக் குழாய்களைவிடக் குறுகலானவை. அடைப்பு முதலில் அங்கே தெரியலாம். மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே வரும் எச்சரிக்கையாகவும் அது இருக்கலாம். இதைக் கேட்டால் மருத்துவர் இதயத்தையும் கொழுப்பளவையும் சேர்த்தே பார்ப்பார்.

சிலர் ரத்த அழுத்த மாத்திரைமீது பழிபோட்டுத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். சில மாத்திரைகளுக்கு அந்தப் பக்கவிளைவு உண்டு, ஆனால் அவற்றை மாற்றித் தர வேண்டியவர் மருத்துவர். உச்சத்தில் விந்து வராமல் பிறகு சிறுநீர் கலங்கலாகப் போவது, முன்தோலில் அரிப்பு, ஆசையே அற்றுப்போவது ஆகியவற்றையும் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் சிகிச்சை ஒன்றல்ல.

மனைவியிடமும் மறைக்காதீர்கள். நீங்கள் விலகிப் படுப்பதை அவர் வெறுப்பு என்றே எடுத்துக்கொள்வார், பாவம்.

மொழிபெயர்க்க மகளோ மகனோ உடன் வந்திருந்தால் நாக்கு எழாதுதான். பதிவு மேசையிலேயே, தமிழ் தெரிந்த தாதி இருக்கிறாரா என்று கேளுங்கள். பிள்ளையைச் சற்று நேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள்.