ஆர்கானிக் பனியன் வாங்கும் முன் லேபிளைப் பாருங்கள்

அட்டையில் ‘ஆர்கானிக் காட்டன்’ என்று இருப்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். ஜிஓடிஎஸ் (GOTS, ஆர்கானிக் துணிகளுக்கான சர்வதேசத் தரச்சான்று) முத்திரை இருக்கிறதா, கூடவே சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த எண்ணை ஜிஓடிஎஸ் இணையதளத்தில் தேடிச் சரிபார்க்கலாம். ‘ஆர்கானிக்’ தரம் என்றால் குறைந்தது 95 சதவீதம் சான்று பெற்ற ஆர்கானிக் இழை இருக்க வேண்டும்.

பருத்தி மட்டுமல்ல, சாயக் கழிவுநீருக்கும் இந்தச் சான்றில் விதி உண்டு. எனக்கு அதுதான் பெரிது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்புறம் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்தும் முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்குச் செலவு அதிகம். ஒழுங்காகச் செய்பவரின் பனியன் கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தால், தயங்காமல் வாங்குங்கள்.