எலி பயப்படலைன்னா உடனே டோபமைனா? ஒட்டுண்ணி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயலில் பட்டப்பகலில் எலி ஒன்று ஓடாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தால் போதும், "பூனைக் கிருமி மூளைக்கு ஏறிடுச்சு, டோபமைன்ங்கிற மூளை ரசாயனம் கூடிப்போச்சு" என்று சொல்ல இப்போது டெல்டாவில் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இதுதான் முதல் தவறு. மடை திறந்து வளையில் தண்ணீர் புகுந்தாலும் எலி வரப்புக்கு ஏறும், எலி மருந்து தின்றாலும் மந்தமாக உட்காரும். நடத்தையை மட்டும் பார்த்து மூளையில் எந்த ரசாயனம் கூடியது என்று யாராலும் சொல்ல முடியாது.

அவர்கள் சொல்லும் கிருமி டாக்சோபிளாஸ்மா, பூனையின் குடலில் பெருகும் ஒரு ஒட்டுண்ணி. இது தொற்றிய எலிகள் பூனை மூத்திர வாடை இருக்கும் இடத்தை விட்டு விலகுவதில்லை என்று 2000-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். டோபமைன் உருவாக உதவும் ஒரு நொதிக்கான இரண்டு மரபணுக்கள் இந்தக் கிருமியிடமே இருப்பது 2009-ல் தெரிந்தது. கேட்க அவ்வளவு கச்சிதமாக இருந்ததால் பலர் அதோடு நிறுத்திக்கொண்டார்கள், ஆனால் 2015-ல் அந்த மரபணுக்களில் ஒன்றை நீக்கிய கிருமியையும் நீக்காத கிருமியையும் சுண்டெலிகளில் வைத்து ஒப்பிட்டபோது மூளையின் டோபமைன் அளவில் வித்தியாசம் தெரியவில்லை. வேறு ஆய்வுகளில் ஆண் எலிகளின் மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியில் வாசோபிரசின் என்ற ஹார்மோனின் மரபணு தூண்டப்படுவதைப் பார்த்தார்கள். 2020-ல் வந்த ஆய்வு இன்னும் முக்கியம்: தொற்றிய சுண்டெலிகளுக்குப் பூனை மீது மட்டுமில்லை, பொதுவாகவே பயம் குறைந்திருந்தது, அதுவும் மூளையில் கிருமிக் கட்டிகளும் அழற்சியும் எவ்வளவு இருந்தனவோ அந்த அளவுக்கு. ஆக ஒரே ரசாயனத்தின் மேல் பழியைப் போடுவது சரியில்லை.

பூனைக் கிருமி என்ற பேச்சைக் கேட்டுவிட்டுச் சிலர் வீட்டுப் பூனையைக் கொண்டுபோய் ஆற்றங்கரையில் விடுகிறார்கள், அது பாவம். பூனை பெரும்பாலும் முதல் தடவை தொற்றும்போது ஓரிரு வாரம்தான் மலத்தில் கிருமியை வெளியேற்றும், அதுவும் வெளியே வந்து ஒரு நாளாவது ஆனால்தான் தொற்றும். கருவைப் பாதிக்கக்கூடிய கிருமி என்பதால் கர்ப்பிணிகள் அந்த மலத்தைத் தொடாமல், கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டு, தோட்டத்து மண்ணைத் தொட்டால் கையைக் கழுவினால் பெரும்பகுதி ஆபத்து போய்விடும்.

அப்புறம் ஆடு. எனக்கு அதிகம் வருத்தம் தருவது இதுதான். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றினால் குடற்புழு மருந்தை ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறார்கள். நாய் நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் நீர்க்கட்டியாக வளர்ந்து அழுத்தினால் ஆடு சுற்றும், வாரக்கணக்கில் மெல்ல முற்றும், குடலுக்கான மருந்தை வாயில் ஊற்றுவதால் அது தீராது. ஆனால் களத்தில் நெல்லை அள்ளித் தின்ற ஆடு திடீரென்று கண் தெரியாமல் தலையை மேலே தூக்கித் தடுமாறினால் அது பெரும்பாலும் புழுவே இல்லை, வயிறு கெட்டு வைட்டமின் பி1 குறைந்து மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றைக்கே ஊசி போட்டால் பிழைக்கும், நாலு நாள் கழித்துப் போட்டால் பிழைப்பது கஷ்டம். அதனால் சுற்றுகிற, தடுமாறுகிற ஆட்டை அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், எப்போது ஆரம்பித்தது, என்ன தின்றது என்று சொல்லுங்கள்.

கோவில் கிடா வெட்டும்போதும் சரி, கறிக்கடையிலும் சரி, தலையையும் மூளையையும் பச்சையாக நாய்க்கு வீசாதீர்கள். நாய் அதைத் தின்று மேய்ச்சல் புல்லில் மலம் கழித்தால் அந்த நாடாப்புழுவின் முட்டை திரும்ப ஆட்டுக்குத்தான் போகும். வீட்டு நாய்க்கு நாடாப்புழுவுக்கான மருந்தை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் கொடுங்கள்.