மாநிலம் சரி சொன்னால் போதுமா? அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசாவும் கிரீன் கார்டும் மத்திய அரசு தருவது. லைசென்ஸ், பள்ளி, கல்லூரிக் கட்டணம், உள்ளூர் போலீஸ் எல்லாம் மாநிலத்தின் கையிலும் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) கையிலும் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது வருஷா வருஷம் நடக்கிறது. பாஸ்போர்ட்டைத் தொலைக்காதீர்கள், ஐ-94 (எதுவரை தங்கலாம் என்ற பதிவு) தேதியைப் பாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிடலாம்.

டிஎம்வி (லைசென்ஸ் அலுவலகம்) கவுண்டரில் வாக்காளர் ஆவது

இத்தனை சின்னக் கையெழுத்துக்கு இத்தனை பெரிய விலை வேறெதிலும் இல்லை. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த மாதம் இன்னொருவர் அதையே செய்துவிட்டு வந்து நிற்பார்.

1993-ல் வந்த மத்தியச் சட்டப்படி, பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் விண்ணப்பத்தோடு வாக்காளர் பதிவும் சேர்ந்தே வரும். ஆரிகன் 2016-லும் கலிஃபோர்னியா 2018-லும் இன்னும் ஒருபடி மேலே போய், வேண்டாம் என்று சொல்லாவிட்டால் தானாகவே பதிவாகும் முறையைக் கொண்டுவந்தன. கலிஃபோர்னியாவில் அந்த ஆண்டே, குடிமக்கள் அல்லாதவர்கள் உள்பட சுமார் 1,500 பேர் தவறுதலாகப் பட்டியலில் ஏறிவிட்டார்கள்.

கண் பரிசோதனை முடிந்து, போட்டோ எடுத்து, பணமும் கட்டியாயிற்று. பின்னால் வரிசை நெருக்குகிறது. திரையில் கேள்விகள் ஓடுகின்றன. உறுப்பு தானம் செய்ய விருப்பமா? ஆம். வாக்காளராகப் பதிய விருப்பமா? கிரீன் கார்டு வந்து ஆறே மாதமான மாமா, நல்ல காரியம்தானே என்று அதற்கும் ஆம் அழுத்துகிறார். அடுத்து வருவது 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்ற உறுதிமொழி. அதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

குடிமகன் என்று பொய்யாகச் சொன்னவரை நாடு கடத்தலாம் என்கிறது 1996-ம் வருடச் சட்டம். கிரீன் கார்டு கேட்கிறவருக்கு அதில் விலக்கு கிடையாது. ஓட்டும் போட்டுவிட்டால் அது தனிக் குற்றம். சில வருஷம் கழித்துக் குடியுரிமைக்கான என்-400 படிவத்தை எடுத்தால், எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா என்று நேராகவே கேட்கும். 'கவுண்டரில் இருந்த அம்மாதான் அழுத்தச் சொன்னார்' என்ற சமாதானத்தை அங்கே நம்பி உட்கார முடியாது.

சில ஊர்களில் குடிமக்கள் அல்லாதவர்களும் ஓட்டுப் போடலாமே என்பார்கள். உண்மைதான். மேரிலாந்தின் டகோமா பார்க்கில் 1992-லிருந்து நகரத் தேர்தலில் போடலாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் பள்ளி வாரியத் தேர்தலில் பெற்றோர் போடலாம். ஆனால் அதற்குப் படிவம் வேறு, பட்டியல் வேறு. டிஎம்வி திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வாக்காளர் அட்டை தபாலில் வந்துவிட்டதா? ஓட்டுப் போடாதீர்கள், அட்டையைக் கிழித்துப் போடவும் வேண்டாம். முதலில் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். பிறகு அவர் சொல்லும் வாசகத்தில் கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்குப் பெயரை நீக்கக் கடிதம் எழுதி, நீக்கியதற்கு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜூரி அழைப்பு (நீதிமன்ற வழக்கைக் கேட்டு முடிவு சொல்லக் குடிமக்களைக் கூப்பிடும் கடிதம்) வந்தால் மூலையில் போடாமல், 'குடிமகன் இல்லை' என்ற கட்டத்தை டிக் செய்து திருப்பி அனுப்புங்கள். டிஎம்வி-க்கு அப்பா அம்மாவை அழைத்துப் போனால் திரையின் பக்கத்திலேயே நில்லுங்கள்.

கஞ்சா

மாநிலம் கஞ்சாக் கடையை அனுமதிக்கலாம், மத்தியச் சட்டத்தில் இன்னும் குற்றம்தான். கிரீன் கார்டுக்காரர் அந்தக் கடையில் கணக்கு எழுதும் வேலை பார்த்தாலும் குடியுரிமை விண்ணப்பத்தில் இடிக்கும்.

'கேஸ் அழிந்துவிட்டது'

மாநில நீதிமன்றம் பதிவை அழித்திருக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு, கண்காணிப்பில் இருந்து, கடைசியில் தள்ளுபடியான வழக்கும் குடியேற்றக் கணக்கில் பெரும்பாலும் தண்டனைதான். குடிமகன் அல்லாதவருக்கு வரும் விளைவைக் குற்றவியல் வக்கீல் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்தது. ஒப்புக்கொள்ளும் முன்பே கேளுங்கள்.

சரணாலய நகரம்

இந்தப் பெயர் உள்ள ஊரில் உள்ளூர் போலீஸ் மத்திய அரசின் குடியேற்ற வேலையில் கைகொடுக்காது, அவ்வளவுதான். மத்திய அதிகாரிகள் அந்த ஊருக்குள் வர எந்தத் தடையும் இல்லை. கைதானவரின் ரேகை எந்த ஊரிலிருந்தும் அவர்களுக்குப் போய்ச் சேரும்.

பள்ளி

1982-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: பெற்றோரிடமோ பிள்ளையிடமோ விசாவே இல்லாவிட்டாலும், அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். வாடகை ஒப்பந்தம், பிறந்த தேதிச் சான்று, தடுப்பூசிச் சீட்டு கேட்பார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையே என்று ஒரு செமஸ்டரைக் கடத்துவது வீண்.

கல்லூரிக் கட்டணம்

மாநிலவாசிக் கட்டணத்துக்கு (அந்த மாநிலத்தில் வசிப்பவருக்கான குறைந்த கட்டணம்) பல மாநிலங்கள் 12 மாதம் அங்கேயே வசித்திருக்க வேண்டும் என்று கேட்கும். பிள்ளை 12-ம் வகுப்பில் இருக்கும்போது வேலை மாறி ஊரும் மாறினால் அந்தக் கடிகாரம் முதலிலிருந்து ஓடும். எச்-4 (வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளைக்கு 21 வயதாகி எஃப்-1 (மாணவர் விசா) ஆனாலும் சிக்கல் உண்டு, ஏனென்றால் பல இடங்களில் எஃப்-1 மாணவர் மாநிலவாசி ஆக முடியாது. 20 வயதிலேயே கல்லூரி அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

முகவரி

வீடு மாறினால் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம், 10 நாளுக்குள். டிஎம்வி-யில் மாற்றியது இதற்குச் சேராது.