விம்ஆர்சி வந்தது, வண்ணங்கள் போயின
நிரல் எழுத உதவும் விம் எடிட்டரில் வரி எண்கள் தெரிய வேண்டும் என்று, நம் விருப்ப அமைப்புகளை எழுதிவைக்கும் விம்ஆர்சி கோப்பைப் புதிதாக உருவாக்கி ஒரே ஒரு வரி எழுதினேன். எண்கள் வந்தன, நிரலின் வண்ணங்கள் போய்விட்டன. பேக்ஸ்பேஸ் விசையோ ஏற்கெனவே இருந்த எழுத்துகளை அழிக்க மறுத்தது.

ஸ்கிரிப்ட்நேம்ஸ் கட்டளை, ஏற்றப்பட்ட கோப்புகளைப் பட்டியலிடும். விம்ஆர்சியின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டுப் பார்த்தால், வண்ணங்கள், பேக்ஸ்பேஸ் போன்றவற்றுக்கு விம்மே தரும் இயல்பு அமைப்புகள் கொண்ட டிஃபால்ட்ஸ் கோப்பு, அதுவரை இல்லாதது, பட்டியலில் வந்து நின்றது. 2016இல் வெளியான 8.0 பதிப்பு முதல், பயனரின் விம்ஆர்சி இல்லாதபோது மட்டுமே விம் அதைத் தானாக ஏற்றுகிறது. நம் விம்ஆர்சி வெறுமையாக இருந்தாலும் டிஃபால்ட்ஸ் ஒதுங்கிக்கொள்ளும். பழைய பயனர்களின் அமைப்புகளைக் குலைக்காத நல்ல ஏற்பாடுதான். புதியவரைத்தான் திகைக்க வைக்கிறது.

விம்ஆர்சியின் முதல் வரியிலேயே சோர்ஸ் கட்டளையால் டிஃபால்ட்ஸ் கோப்பை அழைத்தேன். எல்லாம் திரும்பின. முதல் வரி என்பது முக்கியம்: கடைசியில் அழைத்தால் நம் விருப்பங்கள் சிலவற்றை அது மாற்றிவிடும். ஏதேனும் ஒரு மதிப்பு எங்கிருந்து வந்தது என்று ஐயம் எழுந்தால், செட் கட்டளைக்கு முன்னால் வெர்போஸ் சேர்த்து, அமைப்பின் பெயரை அடுத்துக் கேள்விக்குறி இடுங்கள். அதைக் கடைசியாக மாற்றிய கோப்பு எது என்று விம்மே சொல்லிவிடும்.