வெளியூர் இளையோர் அணியை வரவழைக்கும் கிளப்புகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை, பெங்களூர் போன்ற பெருநகரங்களில் இயங்கும் கிரிக்கெட் அகாடமிகள், தங்கள் மாணவர்களை விடுமுறை நாட்களில் வெளியூர்களுக்கு அழைத்துச் சென்று ஆடவைக்கின்றன. அப்படி ஒரு பயணத்துக்குக் கடலூரும் புதுச்சேரியும் பொருத்தமான ஊர்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவுதான் என்பதால், ஒரே இடத்தில் தங்கிக்கொண்டு இரு ஊர் அணிகளோடும் ஆடிவிட்டுத் திரும்பலாம். 2018-19 பருவம் முதல் புதுச்சேரி தனி அணியாக ரஞ்சிக் கோப்பையில் ஆடிவருவதால், இந்தப் பக்கத்துக் கிரிக்கெட்டை நேரில் பார்க்கும் ஆவலும் பிள்ளைகளுக்கு உண்டு.

வருகிற அணியை வரவேற்பதில் நம் கிளப்புகள் குறை வைப்பதில்லை. பேனர் கட்டுவார்கள், பொன்னாடை வாங்குவார்கள், மதியம் இலை போட்டுப் பரிமாறுவார்கள். குறை நேர்வதெல்லாம் ஆட்டத்தில்தான். ஆடுகளம், நேரம், எதிரணியின் வயது, பந்து வீசும் பிள்ளையின் முதுகு ஆகியவற்றைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசித்திருக்க மாட்டார்கள். வரவேற்புக்குச் செலவிடும் அக்கறையில் பாதியை இவற்றுக்கு ஒதுக்கினாலே, கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை நேராமல் தடுத்துவிடலாம்.

வாய்ப்பேச்சோடு முடியும் ஏற்பாடு

முதல் தவறு, எல்லாவற்றையும் தொலைபேசியில் பேசி முடித்துவிடுவது. "நம்ம கிரவுண்டு நல்லாருக்கும் சார், பசங்களக் கூட்டிட்டு வாங்க" என்ற ஒரு வரியை நம்பிப் பிள்ளைகள் ரயில் ஏறிவிடுகிறார்கள். வந்து பார்த்த பிறகுதான், டர்ஃப் (புல் வளர்த்து உருட்டிய மண்) ஆடுகளம் என்று எண்ணி வந்த இடத்தில் மேட் (மண்மேல் விரிக்கும் பாய்) விரித்திருப்பது தெரிகிறது. ஆடுகளம் எத்தகையது, எத்தனை ஓவர் ஆட்டம், எந்தத் தேதியை வைத்து வயது கணக்கிடப்படுகிறது, பந்தை யார் தருவது, நடுவர் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் யார் பொறுப்பு என்பதையெல்லாம் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே பயணச் சீட்டு எடுக்கச் சொல்ல வேண்டும்.

பந்தைப் பற்றித் தனியே சொல்லக் காரணம் உண்டு. கிரிக்கெட் விதிகளின்படி ஆடவர் ஆட்டத்துக்கான பந்து சுமார் 156 முதல் 163 கிராம் வரை இருக்க, 13 வயதுக்குட்பட்டோருக்கான பந்து 133 முதல் 144 கிராம்தான். கடையில் கேட்காமல் வாங்கினால் பெரியவர்களுக்கான பந்துதான் கிடைக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் விரல்களுக்கு அது பெரிது.

இறங்கும் ரயில் நிலையத்தையும் கடிதத்தில் குறிப்பிடுவது நல்லது. கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் ஒன்று, முதுநகரில் உள்ள துறைமுகம் சந்திப்பு மற்றொன்று. "கடலூர் ஸ்டேஷன்" என்று மட்டும் சொன்னால் வேன் ஓரிடத்திலும் அணி வேறிடத்திலும் நிற்கும்.

வயது பார்க்காமல் அணி இறக்குவது

இருக்கிற தவறுகளில் மிகப் பெரியது இதுவே என்பது என் கருத்து. வருவது 16 வயதுக்குட்பட்டோர் அணி என்று தெரிந்தும், ஊர்ப் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் கல்லூரி முடித்த இரண்டு பந்துவீச்சாளர்களையும், லீக்கில் ஆடும் ஒரு தொடக்க ஆட்டக்காரரையும் அணியில் சேர்த்துவிடுகிறார்கள். ஆட்டம் வென்றுவிடலாம், ஆனால் வளர்ந்த ஆள் வீசும் எகிறு பந்தைப் பதினான்கு வயதுப் பையன் எதிர்கொள்வது ஆபத்தானது, அதில் அவன் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. இதனால் நம் பிள்ளைகளுக்கு நேரும் இழப்பை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. முறையாகப் பயிற்சி பெற்ற, தன் வயதையொத்த அணியோடு ஆடும் வாய்ப்பு, நெல்லிக்குப்பத்திலிருந்தோ பாகூரிலிருந்தோ சைக்கிளில் பயிற்சிக்கு வரும் ஒரு பையனுக்கு ஆண்டில் ஒருமுறை கிடைப்பதே அரிது. அந்த ஒருமுறையும் அவனை எல்லைக்கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு உட்கார வைத்துவிட்டு, அண்ணன்மார் ஆடினால், அந்தச் சுற்றுப்பயணம் நம் ஊருக்கு எதற்காக வந்தது?

இரண்டு ஆட்டங்கள் நடக்கும் என்றால் கிளப்பில் அந்த வயதுக்குரிய எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதாவது ஓர் ஆட்டத்தில் இடம் கிடைக்கும்படி முன்பே பெயர்களைப் பிரித்து எழுதிவிடலாம். ஆட்கள் போதவில்லை என்றால் வெளியூர் அணியின் கூடுதல் வீரர்கள் இரண்டு பேரைக் கேட்டு வாங்கிக் கொள்வதில் தவறேதும் இல்லை. பயிற்சியாளர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள்.

தலைக்கவசம் இல்லாமல் தோல் பந்தை எதிர்கொள்ள எந்தப் பிள்ளையையும் அனுமதிக்கக் கூடாது; ஸ்டம்பை ஒட்டி நிற்கும் விக்கெட் கீப்பருக்கும் இது பொருந்தும். நெருங்கி நிற்கும் ஃபீல்டர்களுக்கும் அளவு உண்டு. இங்கிலாந்தில் 15 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களில் மட்டையாளரின் நடு ஸ்டம்பிலிருந்து 7.3 மீட்டருக்குள்ளும், 13 வயதுக்குட்பட்டோருக்கு 10 மீட்டருக்குள்ளும், விக்கெட்டுக்குப் பின்னால் ஆஃப் பக்கத்தில் நிற்பவர்களைத் தவிர வேறு யாரும் நிற்கக் கூடாது. நம் ஊர் ஆட்டத்திலும் இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

மேட்டைக் காலையில் விரிப்பது

கடற்கரையை ஒட்டிய மைதானங்களில் மண் பெரும்பாலும் மணற்பாங்கானது. ஆணி பிடித்து நிற்காது. ஆட்டத்தன்று காலை ஆறு மணிக்கு மேட்டை உருட்டி விரித்து, நான்கு மூலையிலும் ஆணி அடித்துவிட்டு "ரெடி" என்று சொல்வது பல இடங்களில் நடக்கிறது. பத்தாவது ஓவருக்குள் பந்துவீச்சாளர் முன்காலை ஊன்றும் இடத்தில் மேட் சுருங்கி மடிப்பு விழும். அந்த மடிப்பில் படும் பந்து ஒன்று தரையோடு உருளும், இல்லையென்றால் முகத்துக்கு எழும்.

முந்தைய நாள் மாலையே மண்ணை நனைத்து, உருளை ஓட்டி, இறுகவிட வேண்டும். மேட்டின் இரு முனைகளையும் ஆட்கள் நின்று இழுத்துப் பிடிக்க, நீளமான ஆணிகளைச் செங்குத்தாக இல்லாமல், மேட் இழுக்கும் திசைக்கு எதிராகச் சாய்த்து, நெருக்கமாக அடிக்க வேண்டும். ஆணித் தலை மேட்டின் பரப்புக்கு மேல் துருத்தக் கூடாது. தண்ணீர் இடைவேளை ஒவ்வொன்றின்போதும் ஒருவர் நடந்து பார்த்து, கிளம்பியிருக்கும் ஆணியைச் சுத்தியலால் இறக்க வேண்டும். அந்த வேலைக்கு இன்னார் என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டால் மறக்காது. மார்கழி, தை மாதங்களில் பனி இறங்கியிருக்கும் என்பதால், விரித்த மேட்டை இரவில் தார்ப்பாய் போட்டு மூடிவைக்கவில்லை என்றால் முதல் ஒரு மணி நேரம் பந்து வழுக்கிக்கொண்டு வரும்.

டர்ஃபில் ஆடிப் பழகிய பிள்ளைகள் இரும்பு ஸ்பைக் பதித்த காலணிகளோடு வருவார்கள். மேட்டில் அந்த முனை சிக்கினால் கணுக்கால் திரும்பிவிடும், மேட்டும் கிழியும். ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணி தேவை என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும்.

வெயிலும் சிறப்பு விருந்தினரும்

காலை எட்டு மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம், சிறப்பு விருந்தினர் வரத் தாமதமாவதால் பத்து மணிக்குத் தொடங்குவது சாதாரணமாகிவிட்டது. அதுவரை இரு அணிப் பிள்ளைகளும் வரிசையில் நின்று உரை கேட்கிறார்கள். மே மாதக் கத்திரி வெயிலில் இந்த இரண்டு மணி நேரம் மிகப் பெரிய இழப்பு. கடற்காற்று திரும்புவது வழக்கமாக நண்பகலை ஒட்டித்தான் என்பதால், அதற்கு முந்தைய புழுக்கமான நேரம் முழுவதும் அவர்கள் ஆட்டத்தில் இருப்பார்கள். டிசம்பரில் வேறு சிக்கல்: ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், கடைசி ஓவர்களை மங்கிய வெளிச்சத்தில் ஆட நேரிடும். விருந்தினரை மதிய இடைவேளைக்கு வரச் சொல்லுங்கள். அவருக்கும் அது வசதி, பிள்ளைகளும் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஓ.ஆர்.எஸ். பொடி வாங்கி வைக்கும் கிளப்புகள் பாராட்டுக்குரியவை. ஆனால் அரை லிட்டர் பாட்டிலில் ஒரு பெரிய பாக்கெட்டை அப்படியே கொட்டிக் கொடுப்பது தவறு. வழக்கமான பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அடர்த்தியாகக் கரைத்தால் உப்பும் சர்க்கரையும் மிகுந்து, நோக்கத்துக்கு மாறான விளைவைத் தரும்.

பந்து வீசும் பிள்ளையின் முதுகு

மூன்று நாளில் மூன்று ஆட்டம் என்று திட்டமிடும்போது, இரு அணிகளிலும் நன்றாக வீசும் ஒரே பையன் மூன்று நாளும் வீசுவான். வளரும் வயதில் அளவுக்கு மீறி வேகப்பந்து வீசினால் கீழ்முதுகு எலும்பில் அழுத்த விரிசல் உண்டாகிறது. அது ஆறப் பல மாதங்கள் ஆகும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெடுங்காலம் பின்பற்றி வந்த அளவு, 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்குத் தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர். 15 வயதுக்குட்பட்டோருக்கு 6 ஓவரும் 12 ஓவரும். 17 வயதுக்குட்பட்டோருக்கு 7 ஓவரும் 18 ஓவரும். ஸ்கோரரிடம் ஒரு தனித் தாள் கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையும் அன்று வீசிய ஓவர்களைக் குறிக்கச் சொல்லி, எல்லையை நெருங்கும்போது நடுவர் மூலம் கேப்டனுக்குத் தெரிவிக்க ஏற்பாடு செய்வது ஒன்றும் கடினமில்லை. காலையில் வலைப்பயிற்சியில் வீசியதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக் கொள்வதே முறை.

தலையில் பந்து பட்ட பிள்ளை "நல்லாத்தான் இருக்கேன் சார்" என்று சொன்னாலும் அன்று மீண்டும் ஆடக் கூடாது. மயக்கம், வாந்தி, குழப்பமான பேச்சு தென்பட்டால் 108-ஐ அழைத்துவிட வேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ கோரிமேட்டு ஜிப்மருக்கோ மைதானத்திலிருந்து செல்லும் வழியும், ஆட்டம் முடியும்வரை அங்கேயே நிற்கும் ஒரு வண்டியும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

தங்குமிடம், உணவு, கடல்

புதுச்சேரியில் வார இறுதியில் அறை கிடைப்பது கடினம். கடைசி நேரத்தில் கிடைத்ததைப் பிடிக்கப் போய், கீழே மதுக்கூடம் நடக்கும் விடுதியில் பதினைந்து வயதுப் பிள்ளைகளைத் தங்கவைக்கும் நிலை வருகிறது. அதைவிடப் பள்ளி விடுதியோ திருமண மண்டபமோ மேல். எங்கே தங்கினாலும் பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு ஒரே அறையில் தனியாகத் தங்காதபடியும், உடை மாற்றும் அறைக்குள் யாரும் கைபேசியோடு நுழையாதபடியும் பார்த்துக்கொள்வது நடத்துபவர் கடமை. இலங்கையிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ அணி வந்தால், தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு 'சி' படிவம்) இணையவழியில் பதிய வேண்டும். வீட்டில் தங்கவைத்தாலும் இது பொருந்தும்.

நம் பக்கத்துப் பெருமை பண்ருட்டி முந்திரி. வந்த பிள்ளைகளுக்கு முந்திரிப் பாக்கெட் கொடுத்து அனுப்புவது அன்பான பழக்கம்தான்; ஆனால் கொட்டை வகைகள் ஒத்துக்கொள்ளாத பிள்ளை அணியில் இருந்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஒவ்வாமை உள்ளவர்களின் பட்டியலை முன்பே கேட்டு வாங்கி, சமையல்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

ஆட்டம் முடிந்த மாலையில் கடலூர் தேவனாம்பட்டினத்துச் சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போவது பெரும்பாலும் திட்டத்தில் இருக்கும். மணலில் நடக்கட்டும், சுண்டல் சாப்பிடட்டும். தண்ணீரில் இறங்க விடக் கூடாது. தேவனாம்பட்டினம் கடலும் புதுச்சேரிக் கடலும் இழுக்கும் தன்மை கொண்டவை, களைத்த கால்களோடு இறங்கும், கடலுக்குப் பழகாத பிள்ளைக்கு அலையின் போக்கு தெரியாது. இதில் உபசாரத்துக்கு இடமே கொடுக்க வேண்டாம்.

மழை, நடுவர், கணக்கு

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாள் குறிக்கும்போது மாற்று நாளும் குறித்துக்கொள்ள வேண்டும். 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகேதான் கரையேறியது. 2011-இல் தானே புயல் வந்தது டிசம்பர் 30, அதாவது அரையாண்டு விடுமுறைக் காலம். மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்தே தொடர வேண்டும். மரத்தடி பாதுகாப்பான இடம் இல்லை.

நம் கிளப்பின் மாற்று ஆட்டக்காரர்களையே இரு நடுவர்களாகவும் நிறுத்தினால் முதல் எல்.பி.டபிள்யூ. முடிவிலேயே மனக்கசப்பு தொடங்கிவிடும். மாவட்டச் சங்கத்தின் வழியாக நடுவர்களைக் கேட்டுப் பெறலாம். முடியாதபோது ஒரு முனையில் நம்மவர், மறுமுனையில் அவர்களுடையவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

நடுவர் கட்டணத்தையும் மைதானப் பணியாளர்களின் கூலியையும் அன்று மாலையே கொடுத்துவிட வேண்டும்; விருந்தினர் புறப்பட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதால் அடுத்த முறை மேட் இழுக்க ஆள் வரமாட்டார்கள். ஸ்கோர் தாளையும் பந்துவீச்சுக் கணக்குத் தாளையும் படம் எடுத்து இரு பயிற்சியாளர்களுக்கும் அந்த வாரத்துக்குள் அனுப்பிவைத்தால், அடுத்த ஊரில் அந்தப் பிள்ளைக்கு எத்தனை ஓவர் கொடுக்கலாம் என்பதை அவர்களால் முடிவு செய்ய முடியும்.