பாண்டியன் ஏன் பிரெட்டியன் ஆனார்? பைதான் டிக்ஷனரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைதான் நிரல்மொழியில், ஒரு சொல்லைக் (கீ) கொடுத்தால் அதற்குரிய மதிப்பை (வேல்யூ) தரும் பட்டியலுக்கு டிக்ஷனரி என்று பெயர். அந்தப் பாடம் முடிந்ததும் கொடுக்க நல்ல பயிற்சி ஒன்று உண்டு: ஒரு சின்னச் சொல் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தை மொழிபெயர்ப்பது. நான் சொல்லிக்கொடுக்கும்போது யாழ்ப்பாணத் தமிழைத் தமிழ்நாட்டுத் தமிழுக்கு மாற்றச் சொல்வேன். இரண்டும் தமிழ்தான் என்பதால், விடை தப்பானால் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

{"பாண்": "பிரெட்", "கோப்பி": "காபி", "கதிரை": "நாற்காலி", "கதைத்தார்": "பேசினார்"}

முக்கால்வாசிப் பேர் செய்யும் தவறு இதுதான்: டிக்ஷனரியை லூப்பில் சுற்றி, ஒவ்வொரு கீயையும் வாக்கியம் முழுக்க ரிப்ளேஸ் செய்வது. இரண்டு மூன்று வரியில் வேலை முடிந்துவிடும். முதல் சோதனையில் விடையும் சரியாக வரும். இப்போது "பாண்டியன் பாண் வாங்கினார்" என்று கொடுத்துப் பாருங்கள். "பிரெட்டியன் பிரெட் வாங்கினார்" என்று வரும். ரிப்ளேஸுக்குச் சொல் எது என்று தெரியாது. ப, துணைக்கால், ண, புள்ளி, இந்த நான்கும் இதே வரிசையில் எங்கே வந்தாலும் மாற்றிவிடும்.

இதைவிட ஆபத்தான ஒன்றும் இதே முறையில் ஒளிந்திருக்கிறது. இலங்கையில் 'பேசினார்' என்றால் திட்டினார் என்றும் பொருள். அதையும் பட்டியலின் கடைசியில் சேர்த்துவிட்டு, "அம்மா கதைத்தார்" என்று கொடுங்கள். 'கதைத்தார்' வரும் சுற்றில் "அம்மா பேசினார்". அடுத்த சுற்றில் "அம்மா திட்டினார்". சும்மா பேசிய அம்மாவைத் திட்ட வைத்துவிட்டோம்! பைதான் 3.7 முதல், டிக்ஷனரி நாம் எழுதிய வரிசையிலேயே சுற்றும். ஆகவே 'பேசினார்' மேலே இருந்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. வரிசையை மாற்றினால் விடை மாறுகிறது என்றால் முறையே தப்பு.

சரி, வேறு எப்படிச் செய்வது? திசையைத் திருப்புங்கள். டிக்ஷனரியைச் சுற்ற வேண்டாம், வாக்கியத்தைச் சுற்றுங்கள். ஸ்ப்ளிட் செய்து (சொல் சொல்லாகப் பிரித்து), ஒவ்வொரு சொல்லையும் ஒரே ஒரு தடவை டிக்ஷனரியில் கேட்டு, கிடைத்ததைப் புதிய பட்டியலில் போட்டு, கடைசியில் ஜாயின் செய்யுங்கள் (மறுபடி ஒரே வாக்கியமாக ஒட்டுங்கள்). பாண்டியனும் தப்பிப்பார், அம்மாவும் திட்டமாட்டார். கீயைக் கொடுத்தால் நேராக வேல்யூவைத் தருவதற்குத்தானே டிக்ஷனரி இருக்கிறது?

கேட்கும்போது சதுர அடைப்புக்குறி போட்டுக் கேட்டால், பட்டியலில் இல்லாத முதல் சொல்லிலேயே கீ-எரர் வந்து நிரல் நின்றுவிடும். கெட் (get) பயன்படுத்துங்கள். அதற்கும் சொல்லை மட்டும் கொடுத்தால், இல்லாத சொல்லுக்கு 'நன்' (None) என்ற வெற்று மதிப்பு வந்து ஜாயினில் பிழை காட்டும். இரண்டாவது இடத்திலும் அதே சொல்லைக் கொடுத்துவிட்டால், தெரியாத சொல் அப்படியே வெளியே வரும்.

அப்புறம், ஒரே கீயை இரண்டு முறை எழுதுவது. 'மா' என்பதற்கு மாவு என்று ஒரு வரி, மாம்பழம் என்று இன்னொரு வரி எழுதினால் பைதான் ஒரு எச்சரிக்கையும் தராது. கடைசியில் எழுதியது மட்டும் நிற்கும். பெரிய பட்டியலில் இதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

நிறுத்தக்குறி ஒட்டிக்கொண்டிருக்கும் "பாண்." வேறு, "பாண்" வேறு. ஸ்ட்ரிப் செய்து கழற்றிவிடுங்கள். இதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்து வடிவங்களைத் தேடும் முறை) சொல் எழுத்துகளைப் பொறுக்கும் \w குறியீட்டை நம்ப வேண்டாம். பைதானோடு வரும் அந்த வசதி நம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே கருதாது. "தமிழ்" என்று கொடுத்தால் "தம", "ழ" என்று இரண்டு துண்டாகத்தான் திருப்பித் தரும்.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல். இதில் பல மணிநேரம் தொலைந்திருக்கிறது எனக்கு. டிக்ஷனரியில் "கோப்பி" இருக்கிறது, வாக்கியத்திலும் "கோப்பி" இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. இரண்டின் நீளத்தையும் பார்த்தால் ஒன்று 6, மற்றொன்று 7. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பைதானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்ற செயல்பாடு இருக்கிறது. அதில், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் 'என்எஃப்சி' (NFC) வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். கீகள், வாக்கியம் இரண்டுக்குமே செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை.

"பாணை", "பாணுக்கு" போன்ற வேற்றுமை வடிவங்களுக்குப் புணர்ச்சி விதி எழுத இப்போதே இறங்கிவிடாதீர்கள். தேவைப்படும் வடிவங்களைத் தனித்தனிக் கீகளாகச் சேர்த்தால் இந்தப் பயிற்சிக்குப் போதும்.

சில சொற்களை மட்டும் பட்டியலில் சேர்க்காமலே விடுவது நல்லது. யாழ்ப்பாணத்தில் 'வாங்கு' என்பது பெஞ்சு. பாண், கதிரை போலவே போர்த்துக்கீசியம் விட்டுச்சென்ற சொல். ஆனால் கடைக்குப் போய் வாங்கு என்பதும் அதே எழுத்துகள்தானே? "பாண் வாங்கு" என்று கொடுத்தால் "பிரெட் பெஞ்சு" என்று வரும். பக்கத்துச் சொல்லைப் பார்த்துப் பொருளை முடிவுசெய்ய இந்த டிக்ஷனரியால் முடியாது. வாங்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.