கோடுகளிலிருந்து மலையை வரைவது: பிளஸ் டூ புவியியல் செய்முறை

பிளஸ் டூவில் புவியியல் எடுத்தவர்கள் பருவக்காற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிடுவார்கள். செய்முறை வகுப்பில் டோப்போஷீட்டை, அதாவது நிலத்தின் மேடு பள்ளங்களைக் காட்டும் வரைபடத் தாளை, விரித்தால்தான் முழிப்பார்கள். நானும் முழித்தவன்தான். பழுப்பு நிறத்தில் இடியாப்பத்தை உதிர்த்துப் போட்ட மாதிரி கோடுகள். இதில் மலை எங்கே, பள்ளம் எங்கே? மலையை நெடுக வெட்டிப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி குறுக்குவெட்டுத் தோற்றம் ஒன்றை நம் கையால் வரைந்து பார்த்தால் அந்தக் குழப்பம் தீரும்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவைத் தாள், கிராஃப் தாள், கூரான பென்சில், நேரான விளிம்புள்ள ஒரு துண்டுக் காகிதம். இவ்வளவு போதும்.

முதலில் தாளின் ஓரத்தைப் படியுங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1:50,000 என்றால் படத்தில் 2 செ.மீ., தரையில் 1 கி.மீ. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் அந்தப் பழுப்புக் கோடுகள்தான் சமஉயரக் கோடுகள்; அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு உயர வித்தியாசம் பெரும்பாலும் 20 மீட்டர். அதையும் ஓரத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். 100, 200, 300 மீட்டர் கோடுகள் மட்டும் தடிப்பாக இருக்கும். எல்லாக் கோட்டுக்கும் எண் இருக்காது, தடித்த கோட்டிலிருந்து எண்ணிக்கொண்டே போக வேண்டியதுதான்.

ஏறுகிறதா, இறங்குகிறதா என்று சந்தேகம் வந்தால் நீல ஓடையைத் தேடுங்கள். ஓடையைக் கடக்கும் இடத்தில் கோடு கூராக மடிந்திருக்கும். அந்தக் கூர்முனை காட்டும் பக்கம்தான் மேடு.

சரி, வரையலாம். மலையின் குறுக்கே அ, ஆ என்று இரண்டு புள்ளிகள் வைத்து மெல்லிய கோட்டால் இணையுங்கள். 6 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது தரையில் 3 கி.மீ. துண்டுக் காகிதத்தின் விளிம்பை அந்தக் கோட்டின் மேல் பொருத்தி, ஒவ்வொரு சமஉயரக் கோடு வெட்டும் இடத்திலும் ஒரு சின்னக் கீறல் போட்டு, உயரத்தை உடனே எழுதிவிடுங்கள். 'அப்புறம் எழுதிக்கொள்ளலாம்' என்று விட்டால், காகிதத்தை எடுத்த பிறகு எந்தக் கீறல் எது என்றே தெரியாது. ஓடை குறுக்கிட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கிராஃப் தாள். அடிக்கோடு 6 செ.மீ. செங்குத்து அளவையில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிடைமட்டத்தில் 1 செ.மீ. என்பது 500 மீட்டர். செங்குத்திலும் அதையே வைத்தால், 140 மீட்டரிலிருந்து 372 மீட்டர் வரை ஏறும் குன்று அரை செ.மீ. உயரம்கூட வராது; வெறும் மேடாகத்தான் தெரியும். அதனால் 1 செ.மீ.க்கு 100 மீட்டர் என்று வைக்கிறோம். 500-ஐ 100-ஆல் வகுத்தால் 5. உயரம் 5 மடங்கு மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது. இதைப் படத்தின் கீழே எழுத மறக்காதீர்கள்.

துண்டுக் காகிதத்தை அடிக்கோட்டில் வைத்து, கீறல்களுக்கு நேர் மேலே அந்தந்த உயரத்தில் புள்ளி வையுங்கள். ஸ்கேலை ஓரம் வைத்துவிட்டு, புள்ளிகளைக் கையால் வளைவாக இணையுங்கள். ஸ்கேல் வைத்து இணைத்தால் மலை ரம்பப் பல் மாதிரி ஆகிவிடும்.

உச்சியில்தான் எல்லாரும் சறுக்குவது. இரண்டு பக்கமும் கடைசிக் கோடு 360 என்றால், அந்த இரு புள்ளிகளையும் தட்டையாக இணைத்து மலையை மொட்டையடித்துவிடுவார்கள். உச்சி 360-க்கு மேலே, 380-க்குக் கீழே எங்கோ இருக்கிறது. பக்கத்தில் 372 என்று உயரப்புள்ளி அச்சாகியிருந்தால், அங்கேயே முனையை வையுங்கள். பள்ளத்துக்கும் இதே கணக்குதான், கடைசிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இறக்க வேண்டும்.

முடித்ததும் சரிவைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே 4 மி.மீ. என்றால் தரையில் 200 மீட்டர்; ஏற்றம் 20 மீட்டர். 10-க்கு 1. அதே கோடுகள் 1 மி.மீ. நெருக்கத்தில் இருந்தால் 50 மீட்டருக்கு 20 மீட்டர் ஏற்றம். மூச்சு வாங்கும்!